அண்ணன் என்பதற்கு என்ன ஆதாரம்?

அமெரிக்காவில் இருக்கும் உறவினர் தன் குடும்பத்தாரை அழைத்துக்கொள்ள மனுப் போடுவது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கே: என் பெரியப்பா மகன் அமெரிக்கக் குடிமகன். ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தோம். எனக்கு அவர் மனுப் போடலாமா? (வாசகர், கும்பகோணம்)

ப: தட்டு ஒன்றாக இருந்தால் போதாது, தாயோ தகப்பனோ ஒன்றாக இருக்க வேண்டும். குடிமகன் தன் கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், பெற்றோர், உடன்பிறந்தார் ஆகியோருக்குத்தான் ஐ-130 மனுப் போடலாம். பெற்றோருக்கும் உடன்பிறந்தாருக்கும் போட அவருக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும். சித்தி, தாத்தா, மாமனார் எல்லாம் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். கிரீன் கார்டு மட்டும் வைத்திருப்பவருக்கு வட்டம் இன்னும் சிறிது: கணவன் அல்லது மனைவி, மணமாகாத பிள்ளைகள்.

கே: தம்பிக்கும் எனக்கும் அப்பா ஒருவர், அம்மா வேறு. தம்பி குடிமகனாகிவிட்டான். (வாசகி, திருநெல்வேலி)

ப: தாராளமாக மனுப் போடலாம். இரண்டு பிறப்புச் சான்றிதழிலும் அதே அப்பா பெயர் இருக்க வேண்டும். அப்பாவின் இரண்டு திருமணங்களுக்கும் சான்று, முதல் திருமணம் எப்படி முடிந்தது என்பதற்கு இறப்புச் சான்றிதழோ விவாகரத்துத் தீர்ப்போ கூடவே வேண்டும். வீட்டில் இதைப் பற்றிப் பேசவே கூச்சப்படுவார்கள். அதிகாரி கேட்பதற்கு முன் நீங்களே எடுத்து வைத்துவிடுங்கள்.

கே: நான் 1962-இல் கிராமத்தில் பிறந்தவன். பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பள்ளிச் சான்றிதழில் ஜூன் 1. அத்தையோ, "ஐப்பசி அடைமழையில் பிறந்தாய்" என்கிறார். யாரை நம்புவது? (வாசகர், மன்னார்குடி)

ப: அத்தையை நம்புங்கள், ஆனால் பள்ளிச் சான்றிதழைத் தூக்கிப் போடாதீர்கள். ஜூன் மாதத்தில் பிறந்த தமிழர்கள் உங்கள் தலைமுறையில் ஏராளம். பள்ளியில் சேர்க்கும் அன்று வயது சரியாக வரும்படி தலைமையாசிரியர் போட்டுக் கொடுத்த தேதி அது.

பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் இயற்றப்பட்டு, 1970 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பிறந்த இந்தியர் பலரிடம் சான்றிதழ் இருக்காது என்பது அமெரிக்கத் தூதரகத்துக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் "இல்லை" என்று நீங்கள் சொன்னால் போதாது, பதிவேட்டை வைத்திருக்கும் அலுவலகம் சொல்ல வேண்டும். வட்டாட்சியர் அலுவலகமோ சார்பதிவாளர் அலுவலகமோ, பழைய பதிவேடு எங்கே இருக்கிறதோ அங்கே தேடச் சொல்லி மனுக் கொடுங்கள். தேடும்போது கிடைத்தே விடுவதும் உண்டு. கிடைக்காவிட்டால், பதிவு இல்லை என்று முத்திரையோடு எழுதி வாங்குங்கள்.

அதன் பிறகு பள்ளிப் பதிவேடு. அதுவும் போதாதபோது, உங்கள் பிறப்பை நேரில் அறிந்த இருவரின் அஃபிடவிட். அவர்கள் மனுவில் சம்பந்தப்படாதவர்களாக இருக்க வேண்டும், ஆகவே உங்கள் அத்தை சாட்சி சொல்லலாம். பெற்றோர் பெயர், பிறந்த ஊர், காலம், தனக்கு எப்படித் தெரியும் என்பதை அவர் தம் வாயால் சொல்ல, அப்படியே எழுதுங்கள். ஐப்பசி என்றால் ஐப்பசி என்றே இருக்கட்டும். பள்ளித் தேதி ஏன் வேறானது என்பதைத் தனியாக விளக்கி எழுதுங்கள். தேதியை ஒன்றாக்குவதற்காக அத்தையைப் பொய் சொல்ல வைக்காதீர்கள்.

கே: என் சான்றிதழில் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. அக்காவுக்குப் பின்னால் அத்தான் பெயர். எங்களை உடன்பிறந்தவர்கள் என்று யார் நம்புவார்கள்? (வாசகர், மதுரை)

ப: உங்கள் முகச்சாடையைப் பார்த்து யாரும் விசா தரப் போவதில்லை, அப்பா பெயரைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். அக்காவின் பெயர் மாறியதற்குத் திருமணச் சான்றிதழே சாட்சி. இனிஷியலுக்கு, இரண்டு பெயரும் ஒரே ஆள் என்ற அஃபிடவிட். அப்பா ஒரு தாளில் சண்முகம், இன்னொன்றில் ஷண்முகம் என்றிருந்தால் அதையும் சேர்த்து விளக்குங்கள்.

கே: எங்களுடையது சுயமரியாதைத் திருமணம். புரோகிதர் இல்லை, அக்னி இல்லை. ஒப்புக்கொள்வார்களா? (வாசகி, ஈரோடு)

ப: திருமணம் நடந்த இடத்தின் சட்டப்படி செல்லுமா என்றுதான் அமெரிக்கா பார்க்கும். 1967-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுத் திருத்தம், இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்து உங்கள் திருமணத்தைச் செல்லுபடியாக்கிவிட்டது. பதிவுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள். சேர்ந்து வாழ்வதற்கான சான்றும் கேட்பார்கள்: கூட்டு வங்கிக் கணக்கு, வீட்டு வாடகை ஒப்பந்தம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், படங்கள். ஆல்பம் முழுக்க வேண்டாம்.

கே: அண்ணன் இந்த மாதம் மனுப் போடுகிறார். தீபாவளிக்குள் கிளம்பலாமா? (வாசகர், சேலம்)

ப: எந்த ஆண்டின் தீபாவளி? உடன்பிறந்தார் பிரிவில் இந்தியர்களுக்கு 2025-இல் முறை வந்தது, 2006-இல் மனுப் போட்டவர்களுக்கு. அதற்குள் உங்கள் பிள்ளைகள் 21 வயதைத் தாண்டி, உங்களோடு வரும் தகுதியை இழக்கக்கூடும், சாட்சி சொல்லும் பெரியவர்கள் இல்லாமல் போகக்கூடும். அஃபிடவிட்டுகளை இப்போதே வாங்கி மூலப் பிரதியைப் பத்திரப்படுத்துங்கள்.

கே: பழைய தேதியில் பிறப்புச் சான்றிதழ் "ஏற்பாடு" செய்து தருவதாக ஏஜென்ட் ஒருவர் சொல்கிறார். (பெயர் வேண்டாம், திருச்சி)

ப: வேண்டவே வேண்டாம். சான்றிதழ் இல்லாதவருக்கு மேலே சொன்ன வழி உண்டு. பொய்ச் சான்றிதழ் கொடுத்துப் பிடிபட்டவருக்கோ வாழ்நாள் தடை வரும், விலக்குக் கிடைப்பது மிகக் கடினம்.

கே: தங்கையின் கணவர் மனைவியை அழைத்துக்கொள்கிறார். அவர் சம்பளம் போதாதாம், "பேருக்கு ஒரு கையெழுத்து" என்று ஐ-864 படிவத்தை நீட்டுகிறார். (வாசகர், நியூஜெர்சி)

ப: பேருக்கு அல்ல, தங்கையின் பராமரிப்புக்கு நீங்களும் பொறுப்பு என்று சட்டப்படி உங்களைக் கட்டும் ஒப்பந்தம் அது. பொதுவாக, உங்கள் குடும்பத்தோடு தங்கையையும் எண்ணி, அத்தனை பேருக்கான வறுமைக்கோட்டில் 125 விழுக்காடு வருமானம் உங்களுக்கு இருக்க வேண்டும். வரிக் கணக்கோடு அதைக் காட்ட வேண்டும். அவள் குடியுரிமை பெற்றால், ஏறக்குறைய பத்தாண்டு உழைப்புக்குச் சமமான 40 காலாண்டுகள் அவள் கணக்கில் சேர்ந்தால், நாட்டை விட்டே நிரந்தரமாகப் போனால், அல்லது உங்களில் ஒருவர் இறந்தால் பொறுப்புத் தீரும். அவர்களுக்குள் விவாகரத்தானாலும் உங்கள் கையெழுத்து நிற்கும்.