ஒழுங்கற்றதன் கணக்கு

கேள்வி: உலோகம், பாலிமர், மணல்குவியல் என எல்லாவற்றையும் ஆராய்ந்த சாம் எட்வர்ட்ஸ் எதில்தான் நிபுணர்?

பதில்: ஒழுங்கில்லாததில்! வேல்ஸில் பிறந்த இந்தக் கோட்பாட்டு இயற்பியலாளர், 1958இல் குவாண்டம் புலக் கோட்பாட்டின் கணிதத்தைக் கொண்டு மாசு கலந்த உலோகத்தின் மின்கடத்தலைக் கணக்கிட்டார். 1965இல் பாலிமர் சங்கிலிக்கும் அதே கணிதத்தைக் கொண்டுவந்தார். அவருடைய பார்வையில், உருகிய பிளாஸ்டிக்கில் ஒவ்வொரு பாலிமர் சங்கிலியையும் அண்டைச் சங்கிலிகள் குழாய்போல் சூழ்ந்துகொள்கின்றன; அதற்குள் பாம்பாக ஊர்ந்துதான் அது நகர முடியும்.

இவற்றைவிடத் துணிச்சலானது 1975இல் பிலிப் ஆண்டர்சனுடன் எழுதிய கட்டுரை. செம்பில் சிதறிய மாங்கனீசு அணுக்களின் காந்தத் திசைகள் குளிரில் தாறுமாறாக உறைவது ஏன்? இதை விளக்க, ஒரே பொருளுக்குப் பல நகல்கள் இருப்பதாக வைத்துக் கணக்கிட்டு, முடிவில் நகல்களின் எண்ணிக்கையைப் பூச்சியமாக்கினார்கள்! அந்த உத்தியில் எழுந்த சிக்கலை அவிழ்த்த ஜியார்ஜியோ பாரிசிக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது.