ஓட்டைக்கு ஒரு உத்தியோகம்

'லைட்டை அணை, ஃபேனை அணை' என்று நானும்தான் நாளெல்லாம் கத்துகிறேன். எனக்கு யாரும் சம்பளம் தரவில்லை. எரிசக்தி ஆலோசகராகப் போன என் மகனுக்கு மட்டும் எப்படித் தருகிறார்கள்?
— வாசகி, ஈரோடு

உங்கள் கண்ணுக்கு எரியும் லைட் தெரிகிறது. அவர் காதுக்கு 'உஸ்' கேட்கிறதே அம்மா! நூற்பாலையின் அழுத்தக் காற்றுக் குழாயில் 3 மில்லிமீட்டர் ஓட்டை போதும், கம்ப்ரஸர் மணிக்கு மூன்று யூனிட்டுக்கு மேல் கூடுதலாக இழுக்கும். இரண்டு மாதத்துக்கு அரசு நமக்குத் தரும் 100 யூனிட் இலவச மின்சாரம் அந்த ஓட்டைக்கு ஒன்றரை நாள்கூடத் தாங்காது. சோப்புத் தண்ணீர் தடவி, நுரை கிளம்பும் இடம் பார்த்து அடைக்கச் சொல்வதற்குத்தான் சம்பளம்.

மின்சாரத்தை அதிகம் தின்னும் பெரிய ஆலைகள் எரிசக்தித் தணிக்கை செய்தாக வேண்டும் என்பது 2001-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது. மகன் தணிக்கையாளர் தேர்வையும் எழுதிவிடட்டும், நான்கே தாள்.