விசாரிச்சுச் சொல்றேன்

போடியில் விசாரிப்புக்காரரை யாரும் அடையாளம் காட்டத் தேவையில்லை. கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள், "அப்பா, குதிரையேற்ற கிளப்புல சேரட்டுமா?" என்று போனில் கேட்டது அரையாண்டுப் பரீட்சைக்கு முன்பு. "விசாரிச்சுச் சொல்றேன் பாப்பா" என்றவர், முழு ஆண்டுப் பரீட்சை முடிந்தும் விசாரித்துக்கொண்டிருக்கிறார். மருந்துக் கடையில் விசாரிப்பார். முடி வெட்டுகிறவரிடம் விசாரிப்பார். போடிமெட்டு ஏறும் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் தூங்குவதுபோல நடித்தாலும் விடமாட்டார். குதிரை கடிக்குமா என்பார். கடிக்காது என்றால், உதைக்குமா என்பார். பழகிய குதிரை உதைக்காது என்றால், பழகாத குதிரையாக இருந்துவிட்டால் என்பார். அகமலைப் பக்கம் தோட்டங்களுக்கு அரிசி மூட்டை ஏற்றிப் போகும் குதிரைக்காரர் ஒருவர்தான் இவர் கேட்ட ஆட்களில் விஷயம் தெரிந்தவர். "ஏறி உக்காந்தா தானா வந்துரும்ணே" என்று அவர் சொன்னதுதான் இவருக்கு ரசிக்கவில்லை. அதற்கு மேல் கேட்க எதுவும் மிச்சமில்லையே.

இவர் முடிவெடுக்கத் தெரியாதவர் என்று பரிதாபப்படுகிறவர்கள், நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையத்தில் இவரை ஒருமுறை பார்க்க வேண்டும். சாம்பிள் ஏலக்காயில் நாலைக் கையில் கொட்டி, ஒன்றை நகத்தால் கீறி, மூக்கருகே கொண்டுபோய், எட்டு மில்லிமீட்டர் தேறுமா என்று கண்ணாலேயே அளந்து, கம்ப்யூட்டரில் விலையைத் தட்டிவிடுவார். லட்சங்கள் போகும் காரியம், நொடிக்கணக்கில் முடிந்துவிடும். ஆக, அவரிடம் இல்லாதது திறமை அல்ல. குதிரை விஷயத்தில் விசாரிப்பதே அவருக்கு ருசி. முடிவு வந்துவிட்டால் ருசி போய்விடும்.

ஏலக்காயிலிருந்து விழுந்து யாருக்கும் கை உடைந்ததில்லை, குதிரை அப்படியா என்று அவர் கட்சியில் நின்று கேட்கலாம். நியாயம்தான். குதிரையிலிருந்து விழுந்தால் அடி பலமாகவே படும். ஆனால் அந்தப் பயம் நிஜமானால் கேட்க வேண்டியவை மூன்றே: தலைக்கு அளவான ஹெல்மெட் தருவார்களா, புதுப் பிள்ளை ஏறும்போது பயிற்சியாளர் கயிற்றைக் கையில் பிடித்திருப்பாரா, சாதுவான குதிரை இருக்கிறதா. இந்த மூன்றையும் அவர் இதுவரை யாரிடமும் கேட்கவில்லை. லீவுக்கு வரும் மகளை ஹெல்மெட் இல்லாமல் டூவீலர் பின்சீட்டில் ஏற்றி, மூடுபனியில் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித் தோட்டத்துக்குக் கூட்டிப்போகிறவரும் இவரேதான்.

இதனால் என்ன பிரயோஜனம் என்பது அடுத்த தடை. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியாவின் டிரெஸ்ஸாஜ் குதிரையேற்ற அணி தங்கம் வாங்கியதைச் சொன்னால், அணியிலிருந்த நாலு பேரும் எந்த ஊர் என்பார். இந்தூர், ஜெய்ப்பூர், மும்பை, கொல்கத்தா. "பாத்தீங்களா, நம்ம பக்கம் ஒருத்தருமில்ல." 1982 டெல்லிக்குப் பிறகு குதிரையேற்றத்தில் கிடைத்த முதல் ஆசியத் தங்கம் அது என்று சொல்லிவிட்டால் இன்னும் வசதி: "நாடே 41 வருசம் பொறுத்திருக்கு, நமக்கு என்ன அவசரம்?"

இத்தனை விசாரணையில் மனிதர் தேறியிருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது, வயிற்றுவலி வந்தால் உயிருக்கே ஆபத்து, நின்றபடியே கண் அயரும், லாடத்தை ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை பார்த்து மாற்ற வேண்டும் என்றெல்லாம் டீக்கடையில் அவர் விளக்கும்போது முகத்தில் ஒரு களை வரும். ஏறிப் பார்க்க ஆசை யாருக்கு என்ற சந்தேகம் அப்போது எழும்.

சந்தேகம் எழுந்தாலும் அவர் மேல் எனக்குள்ள கோபம் தணியவில்லை. குதிரையேற்றம் காசு தின்னும் விளையாட்டு. கட்டுப்படியாகாது என்பது கண்ணியமான காரணம். பிள்ளைகள் அதைப் புரிந்துகொள்வார்கள். பயமாக இருக்கிறது என்பதும் காரணமே. சரி என்றும் சொல்லாமல், வேண்டாம் என்றும் சொல்லாமல் பிள்ளையைத் தொங்கவிடுவதற்குத்தான் காரணம் கிடையாது. ஜூனியர் பிரிவு 18 வயதோடு முடிந்துவிடும். இவருடைய விசாரணைக்கு வயது வரம்பு இல்லை. அன்றைக்கே "வேண்டாம் பாப்பா" என்றிருந்தால், அவள் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்துவிட்டு, அடுத்த வாரம் பேட்மிண்டன் மட்டை வாங்கியிருப்பாள்.