தொட்டிக்காரர்

கரண்ட் போனால் எல்லா வீட்டிலும் "ஐயோ, ஃபேன்!" என்பார்கள். ஒரு வீட்டில் மட்டும் "ஏர் போச்சு! ஏர் போச்சு!" என்று அலறல் கேட்கும். யாருக்கோ மூச்சு முட்டுகிறதென்று பதறி ஓடினால், வீட்டுக்காரர் செல்போன் வெளிச்சத்தில் சோபாவுக்கு அடியில் தவழ்ந்து, பேட்டரியில் ஓடும் ஏர் பம்ப்பைத் தேடிக்கொண்டிருப்பார். அவர்தான் தொட்டிக்காரர். சென்னையில் எந்த அபார்ட்மென்டிலும் ஒருவராவது தேறுவார்.

பிறவியிலேயே யாரும் தொட்டிக்காரராவதில்லை. பெரும்பாலும் குழந்தை போய்வந்த ஏதோ ஒரு பிறந்தநாள் விழாவில் ரிட்டர்ன் கிஃப்டாகக் கொடுத்த தங்கமீனில் ஆரம்பிக்கும். பாலிதீன் கவரில் வந்ததைக் கண்ணாடிக் கிண்ணத்தில் விட்டு, டி.வி. பக்கத்தில் வைப்பார்கள். அதோடு விட்டிருந்தால் மனிதர் பிழைத்திருப்பார். ஆனால் அவர் படிக்கத் தொடங்கிவிடுகிறார். தங்கமீன் ஓரடி நீளம்கூட வளரும், ஒழுங்காக வைத்துக்கொண்டால் பத்து வருஷத்துக்கு மேல் வாழும் என்று தெரிந்த ராத்திரி அவருக்குத் தூக்கம் வராது. மறுவாரம் ஹாலில் மூன்றடித் தொட்டி. பூஜை அலமாரி அரையடி நகர்ந்திருக்கும்.

அன்றிலிருந்து அவர் தண்ணீர் வளர்க்கத் தொடங்குகிறார். தொட்டியில் விளக்கு எரியும், ஃபில்டர் ஓடும், கூழாங்கல் பளபளக்கும். மீன் மட்டும் இருக்காது. மீனின் கழிவிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் அமோனியா வரும், அதை ஒரு பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொன்று நைட்ரேட்டாக்கும், அந்தப் பாக்டீரியாக்கள் ஃபில்டர் பஞ்சில் குடியேற நாலைந்து வாரம் ஆகும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் விளக்கம் நடக்கும். மாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தண்ணி ரெடியாக ஒரு மாசமா? அடுப்புல வெச்சா பத்து நிமிஷம் மாப்ளே" என்பார்.

அந்தப் பஞ்சுக்கும் ஒருநாள் சோதனை வரும். வீட்டு வேலைக்கு வரும் அம்மா, பழுப்பேறிக் கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு, பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டு மல்லிகைப்பூவாக வெளுத்து வைத்திருப்பார். குழாய்த் தண்ணீரில் அலசினாலே குளோரினில் பாதி செத்துவிடும், இது சோப்பு. தொட்டிக்காரருக்கு நாக்கு வறண்டுவிடும்.

"அதுல பாக்டீரியா இருந்துச்சும்மா!"

"அதுக்குத்தானே சார் கழுவுனேன்."

இதற்கு உலகத்தில் எந்த விஞ்ஞானியிடமும் பதில் கிடையாது.

மெட்ரோ வாட்டரில் குளோரின் என்பதால் முதல்நாளே வாளிகளில் பிடித்து வைத்துவிடுவார். அந்த வீட்டில் குளிக்கப் போகிறவர் முதலில் கேட்க வேண்டியது, "இது யாரோட தண்ணி?" 2019 கோடையில் ஏரிகள் வறண்டு ஊரே லாரிக்குக் குடத்தோடு நின்றபோது, அவர் அரை வாளியில் குளித்துவிட்டு, தொட்டியில் கால்பங்கு தண்ணீரைத் தவறாமல் மாற்றினார். எடுத்த பழைய தண்ணீர் கறிவேப்பிலைச் செடிக்குப் போனது. நைட்ரேட் செடிக்கு உரம். அந்த வருஷம் அந்தத் தெருவில் தழைத்திருந்தது அந்தச் செடி ஒன்றுதான் என்று அவர் மனைவி இன்றும் சொல்லிக்காட்டுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை என்றால் கொளத்தூர். வண்ணமீன் வியாபாரத்துக்கு நாடெங்கும் பேர்பெற்ற இடம். "சும்மா பார்த்துட்டு வரேன்" என்று கிளம்புவார். சும்மா பார்த்துவிட்டு வந்த தொட்டிக்காரர் சரித்திரத்தில் இல்லை. கடையில் ஃபைட்டர் மீன்கள் ஆளுக்கொரு பாட்டிலில், ஒன்றையொன்று பார்க்காதபடி நடுவில் அட்டை வைத்து. பாவம் என்கிற புது ஆசாமியிடம் இவரே கடைக்காரராகிவிடுவார்: "அதுக்கு மேல வந்து காத்தை நேரா சுவாசிக்கிற உறுப்பு இருக்கு சார். ஆனா அதுக்காக பாட்டில்லயே வெச்சிடாதீங்க." பக்கத்தில் ஒருவர் வாஸ்துவுக்கு அரோவானா விலை பேசிக்கொண்டிருப்பார். அந்த மீனால் பணம் வரும் என்பது நிஜம்தான். கடைக்காரர் எண்ணி வாங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

வீடு திரும்பும்போது சட்டைக்குள் ஒரு கவர் இருக்கும். அதை அரைமணி தொட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டு, வெப்பம் சமமான பிறகு அவிழ்க்க வேண்டும். மனைவி மாடியிலிருந்து துணி எடுத்து வருவதற்குள் இது முடிந்தாக வேண்டும்.

"இது புதுசுதானே?"

"இல்லம்மா. முன்னாடியே இருந்துச்சு. செடிக்குப் பின்னாடி ஒளிஞ்சிருந்துது."

இப்படி ஒளிந்திருந்து வெளிப்பட்டவையே அந்தத் தொட்டியில் பெரும்பான்மை. பாசி தின்னும் என்று விரல் நீளத்தில் வாங்கிய சக்கர் மட்டும் எங்கும் ஒளிய முடியாமல் ஓரடியைத் தாண்டிக் கிடக்கிறது. பலர் அதைப் பக்கத்து ஏரியில் கொட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். அது அங்கே பெருகி நம் ஊர் மீன்களின் வயிற்றில் அடிக்கிறது. இவர் கொட்ட மாட்டார். அந்த விஷயத்தில் எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. கப்பி குட்டி போட்டால்தான் பயம். மாதம் ஒரு பிரசவம், முட்டை இல்லாமல் நேராகக் குஞ்சுகள். அவற்றை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வீடுவீடாகத் தானம் செய்யக் கிளம்புவார். "கொசுப் புழுவெல்லாம் சாப்பிட்டுடும் சார்" என்பார். லிஃப்டில் அவர் கையில் பாட்டிலைப் பார்த்தவர்கள் படியில் இறங்கிப் போகிறார்கள்.

இத்தனையும் சமாளித்துவிடலாம். அவர் தோற்றுப்போவது தீனி விஷயத்தில். ஒரு சிட்டிகை போட வேண்டும், இரண்டு மூன்று நிமிஷத்தில் மீன் தின்று முடிப்பதோடு சரி. மிஞ்சுவது அழுகி அமோனியா ஆகும். சட்டம் இவ்வளவுதான். ஆனால் வாசலில் வந்து நின்ற எவரையும் "சாப்டாச்சா?" என்று கேட்காமல் அனுப்பாத வீட்டில், கண்ணாடியில் மூக்கை உரசிக்கொண்டு நிற்கும் மீனை என்ன செய்வது? தீனி போடுகிற ஆளை அதற்கு அடையாளம் தெரியும். நாளடைவில் யார் வந்தாலும் ஓடிவரும். தங்கமீனுக்கு இரைப்பையே கிடையாது, போதும் என்ற பேச்சும் கிடையாது. "வாயை வாயைத் திறக்குது பாருடா, கொலைப்பட்டினி போடறியே" என்று அவர் அம்மா புலம்புவார். "அது மூச்சு விடுதும்மா. வாய் வழியா தண்ணி இழுத்து செவுள் வழியா விடுது." அம்மா தலையாட்டிவிட்டு, அவர் ஆபீஸ் போனதும் இட்லி உதிர்ப்பார். பிள்ளை ஸ்கூலுக்குப் போகுமுன் ஒரு சிட்டிகை, வந்தபின் ஒரு சிட்டிகை. "நான் போடவே இல்லையே" என்று எல்லோரும் சொல்வார்கள். மீன் மட்டும் பருத்துக்கொண்டே போகும். கடைசியில் தீனி டப்பா பீரோவில், நகைக்குப் பக்கத்தில், பூட்டுக்குள் போய்விட்டது.

ஊருக்குப் போக வேண்டி வந்தால்தான் உண்மையான பரீட்சை. நல்ல மீன் சில நாள் பட்டினியாகவே கிடக்கும், ஒன்றும் ஆகாது. அது அவருக்கே தெரியும். மனசு கேட்காது. சாவியை எதிர்வீட்டு மாமியிடம் கொடுத்து, நாளுக்கொன்றாகத் தேதி எழுதிய பொட்டலங்களையும் கொடுத்து, "இதுக்கு மேல ஒரு துளிகூட வேண்டாம் மாமி" என்று கும்பிட்டுவிட்டுத்தான் தென்காசிக் கல்யாணத்துக்குப் போனார். திரும்பி வந்தபோது தொட்டி பால்பாயசம். உள்ளே மீன் இருப்பதே நிழலாகத்தான் தெரிந்தது. அவர் பையைக்கூட இறக்காமல் வாளியை எடுத்தார்.

மாமி வாசலில் நின்றபடி, "உங்க பொட்டலம் யானைப் பசிக்குச் சோளப்பொரி! முதல் நாளே மூணைப் பிரிச்சுக் கொட்டினேன். அப்புறம் நாங்க சாப்பிடறதுல ஒரு வாய், அவ்வளவுதான். தயிர்சாதம்னா என்னமா வருதுங்க!" என்றார். பிறகு கொஞ்சம் கவலையோடு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அடியில ஒட்டிண்டிருக்கே ஒரு கறுப்பன், அவன் மட்டும் எதையும் தொடலை. ஊறுகா இல்லாம இறங்கலையோ என்னவோ."