உச்சியில் இன்கிரிமென்ட் இல்லை!

கேள்வி: மத்திய அரசில் செயலாளர் பதவிக்குப் போய்விட்டால் சம்பளம் கொட்டோ கொட்டென்று கொட்டுமாமே?

பதில்: கொட்டும், ஆனால் அதற்குமேல் ஏறாது! ஏழாவது ஊதியக் குழுவின் அட்டவணை 2016 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிறது. குறுக்கே பதவிக்கேற்ற 'லெவல்', நெடுக்கே வருட இன்கிரிமென்ட். வருஷத்துக்கு ஒரு கட்டம் கீழே இறங்கினால் அடிப்படைச் சம்பளம் சுமார் 3 சதவீதம் ஏறும் (அரசாங்கத்தில் ஏறுவதற்கும் இறங்கத்தான் வேண்டும்!). இணைச் செயலாளர் லெவல் 14, ஆரம்பம் 1,44,200 ரூபாய். கூடுதல் செயலாளர் லெவல் 15, ஆரம்பம் 1,82,200.

செயலாளருக்கு லெவல் 17. அதில் இருப்பதே ஒரு கட்டம்தான்: 2,25,000. நாற்காலியில் உட்கார்ந்த அன்றும் அதே, ஓய்வு பெறும் அன்றும் அதே. அகவிலைப்படி மட்டும் ஜனவரி, ஜூலை என்று பார்த்து ஏறும். லெவல் 16-ன் கடைசிக் கட்டம் 2,24,400. அங்கே நிற்பவருக்குப் பதவி உயர்வு வந்தால் அடிப்படைச் சம்பளத்தில் கூடுவது முழுசாக 600 ரூபாய்! வாழ்த்தப் போகிறவர்கள் சால்வைக்கே அதைவிட அதிகம் செலவழித்திருப்பார்கள்.

எல்லாருக்கும் மேலே, லெவல் 18-ல், கேபினட் செயலாளர்: 2,50,000. இதில் பெரிய கூத்து, அப்போது குடியரசுத் தலைவரின் சம்பளமே 1,50,000தான். நாட்டின் முதல் குடிமகனைவிட அவருடைய அரசின் அதிகாரிக்கு ஒரு லட்சம் அதிகம்! யாருக்கோ உறைத்து, 2018 பட்ஜெட்டில் அதை 5 லட்சமாக்கினார்கள். ராஷ்டிரபதி பவனுக்கு அரியர்ஸ் 2016-லிருந்து!