காது கேக்குறதுக்குத்தான்யா, காட்டுறதுக்கு இல்ல

ஃப்ரீ ஜாஸ் கேக்குறதுக்குத் தகுதி வேணுமாம்ல பேராண்டி? நீதான் சொன்னே. காதைப் பழக்கணுமாம். மொதல்ல இன்ன தட்டு, அப்புறம் இன்ன தட்டுன்னு படிப்படியா ஏறி வரணுமாம். அறை இருட்டா இருக்கணுமாம். பக்கத்துல ஒருத்தன் இருமக் கூடாதாம். ஏன்யா, பாட்டுக் கேக்கப் போறியா, கண் ஆபரேசன் பண்ணிக்கிடப் போறியா?

அந்த ஹெட்போன் விலையச் சொன்னே பாரு, எனக்குக் காது அடைச்சிப் போச்சு. அந்தக் காசுக்கு எட்டயபுரம் சந்தையில நல்ல கெடா ஒண்ணு பிடிச்சி அம்மனுக்கு நேந்து விட்டிருக்கலாம். ஊரே கறி தின்னிருக்கும்.

சரி, அப்படி என்னத்தத்தான் கேக்குதேன்னு நானும் உக்காந்தேன். ‘அகார்ட்டா’ன்னு பேரு. மைல்ஸ் டேவிஸ், அமெரிக்காக்காரரு. 1975 பிப்ரவரி 1, ஜப்பான்ல ஒசாகா ஊர்ல நடந்த மத்தியானக் கச்சேரி. மனுசன் ட்ரம்பெட்டுக்கு வயரு கொடுத்து, கால்ல மிதிக்கிற வா-வா பெடல்ல விட்டு ஊதுதாரு. அது ஞை ஞைன்னு அழுவுது. கரண்டுக் கித்தாரு ரெண்டு. அதுல பீட் கோசின்னு ஒருத்தர், கித்தார் போதாதுன்னு மேசை நெறையச் சின்னச் சின்னத் தாளக் கருவிய வேற பரப்பி வச்சிருக்காரு.

நீ கண்ண மூடிக்கிட்டு உக்காந்திருந்தே. மூஞ்சியில ஒரு சிரிப்பு இல்ல. கால் பெருவெரல் கூட ஆடல. ஏன்யா, மைக்கேல் ஹெண்டர்சன்னு ஒரு பையன் பாஸ் கித்தாரப் பிடிச்சிக்கிட்டு ஒரே அடியில விடாம நிக்கான். ஆரு அவன்? ஸ்டீவி வொண்டர் கோஷ்டியில ஆட்டம் போடுற பாட்டுக்கு வாசிச்சிக்கிட்டு இருந்தவன். ஆட வைக்கதுக்குன்னே ஒருத்தனைத் தேடிப் பிடிச்சிக் கொண்டாந்திருக்காக. உனக்குக் கால் ஆடலன்னா கோளாறு ஆருகிட்ட? எனக்கு ஆடுச்சு.

‘சத்தம் அதிகம் தாத்தா, ஒங்களுக்குப் பிடிபடாது’ன்னே. ஆருகிட்ட வந்து சத்தத்தப் பத்திப் பேசுதே? நாங்க சிவகாசிக்குப் பக்கத்துல பொறந்து வளந்தவுக. ஆயிரம் வாலா சரத்தைப் பத்த வச்சா, தூரத்துல நிக்கவனுக்கு ஒரே படபடப்புத்தான். பின்னுன பொம்பளைகளைக் கேளு. ஒவ்வொரு வெடியோட திரியும் நடுத்திரியில எங்கன ஏறுதுன்னு சொல்லுவாக. (இப்பம் அதைச் சொல்ல ஆளும் கொறஞ்சிபோச்சு. 2018-லயே சுப்ரீம் கோர்ட்டு சரவெடிய நிப்பாட்டிட்டுல்ல.) இந்தத் தட்டுல நடுத்திரி அந்த பாஸ் கித்தாரும் அல் ஃபாஸ்டர்ங்கிறவரு ட்ரம்ஸும். அதைப் பிடிச்சிக்கிட்டே போ. மத்ததெல்லாம் அதுல இருந்துதான் வெடிக்கி.

அடுத்து, ‘ஃப்ரீ’ன்னா அவனவன் இஷ்டத்துக்கு ஊதுறதுன்னு ஒரு வெளக்கம் கொடுத்தே. இந்தச் சரக்குக்குப் பேரைக் கொடுத்த தட்டையே எடு. ஆர்னெட் கோல்மன், நியூயார்க், 1960 டிசம்பர் 21. எட்டுப் பேரு. இடது காதுல நாலு பேரு, வலது காதுல நாலு பேரு. 37 நிமிசம் போல ஒரே ஓட்டம். இதை நீ புரட்சின்னே. அப்படியா? ஆடிக் கடைசி வெள்ளிக்கு இருக்கன்குடி அம்மன் கோயிலுக்கு வந்து ஆத்து மணல்ல நின்னு பாத்திருக்கியா? இந்தப் பக்கம் ஒரு ஊர்க்காரவுக அக்கினிச்சட்டியோட வாராக. அவுகளுக்கு ஒரு செட்டு நையாண்டி மேளம். ரெண்டு நாயனம், ரெண்டு தவிலு, பம்பை, கிடுமுட்டி. அந்தப் பக்கம் இன்னொரு ஊரு, இன்னொரு செட்டு. நடுவுல உங்க அப்பத்தா பொங்கப் பானையக் கிண்டிக்கிட்டே ரெண்டையும் கேப்பா. எந்த செட்டுத் தவில்காரன் எந்த எடத்துல தாளத்த விட்டான்னு வீட்டுக்கு வந்து சொல்லுவா. அவ காதை எவன்யா பழக்குனான்?

பக்கத்துல போயி நின்னு பாரு. நாயனக்காரரு மூச்சு வாங்க சீவாளிய வாயில இருந்து எடுப்பாரு. அந்த நொடிக்காகப் பம்பைக்காரரு கம்பைத் தூக்கிப் பிடிச்சிக் காத்துக்கிட்டே இருப்பாரு. எடுத்தாரோ இல்லையோ, சடார்னு உள்ள பூந்துருவாரு. ஒசாகாவுலயும் அதே சோலிதான். மைல்ஸ் ஒரு சாடை காட்டுனா மொத்தக் கோஷ்டியும் டக்குன்னு நின்னு ஒருத்தருக்கு வழி விடும். இதுல இஷ்டத்துக்கு ஊத ஏது எடம்?

அந்த மனுசன் கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நிக்காருன்னு, திமிரு பிடிச்சவருன்னு பேசுனாக. சாடை காட்டணும்னா கோஷ்டியப் பாத்துத்தானய்யா நிக்கணும்? எங்க தவில்காரரு நாயனத்தைப் பாத்துத்தான் நிக்காரு. எவனும் அதைத் திமிருன்னு எழுதல.

‘இது வெளிநாட்டுச் சமாச்சாரம்’னு வேற சொல்லுதே. பாதல் ராய்னு ஒரு வங்காளத்துக்காரரு, நியூயார்க்ல இந்தியச் சாப்பாட்டுக் கடையில வேலை பாத்துக்கிட்டே தபலா வாசிச்சவரு. 1972-ல இதே மைல்ஸ் அவரைச் சேத்துக்கிட்டாரு. அந்த வருசம் செப்டம்பர் 29, பில்ஹார்மானிக் ஹால் கச்சேரி தட்டாவே வந்துருக்கு. அதுல தபலாவும் உண்டு, எலெக்ட்ரிக் சித்தாரும் உண்டு. இதே மைல்ஸுக்கு முந்தி கித்தார் வாசிச்ச ஜான் மெக்லாலின் என்ன செஞ்சாரு? ஒசாகாக் கச்சேரி நடந்த அதே 1975-ல கரண்டுக் கித்தார ஓரங்கட்டிட்டு ‘சக்தி’ கோஷ்டியோட மேடை ஏறுனாரு. அங்க கடம் ஆரு? நம்ம விக்கு விநாயக்ராம். வயரும் இல்ல, பெடலும் இல்ல, வெறும் பானை. இந்தா இருக்கு மானாமதுரை, வரிசையாக் கடம் சுட்டு வச்சிருக்காக. என்னைக்காச்சும் ஒண்ணைத் தட்டிப் பாத்தியா?

அந்த அகார்ட்டா தட்டுல, முடிஞ்ச மட்டும் சத்தத்தைக் கூட்டிக் கேளுங்கன்னு அவுகளே போட்டிருக்காக. நீ என்னடான்னா காதைப் பொத்திக்கிட்டுக் கேக்குதே. கழட்டு அதை. பெரிய ஸ்பீக்கர்ல போடு, தொழுவத்து மாட்டுக்கும் கேக்கட்டும். அன்னைக்கிச் சாயங்காலமும் வாசிச்சது ‘பாஞ்சியா’ன்னு தனித் தட்டா இருக்கு, அதையும் போடு. இடுப்பு வலியோட அலைஞ்ச மனுசன் ஒரே நாள்ல ரெண்டு கச்சேரி வாசிச்சிருக்காரு. அந்த வருசமே ஊதுறத நிப்பாட்டி, அஞ்சு வருசம் போல வீட்டோட கெடந்தாரு. அதுக்காச்சும் முழுசாக் கேளு.

இன்னொண்ணு. வார ஆடிக்கு உன் சித்தப்பன் மேளம் பேசப் போவான், நீயும் கூடப் போ. ஹெட்போனுக்கு ஒரு ரூவா கொறைக்காம எண்ணி வச்சவன், மேளக்காரவுககிட்ட மட்டும் பேரம் பேசாத. கேட்டதக் குடு.