கொங்கு நாட்டு ஏவுதள இயல்: ஓர் அறிமுகம்

ஏவுதளம் என்பது, புறப்படும் வரை ராக்கெட்டைத் தாங்குவதும் புறப்பட்ட பின் பழியைத் தாங்குவதுமாகிய இடம். இவ்விலக்கணம் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் பொருந்தும். கோவை சரவணம்பட்டி மொட்டை மாடிக்கும் பொருந்தும். எதை ஆய்ந்தாலும் முதல், கரு, உரி என்று மூன்றாகப் பிரித்த பிறகே ஆய்வேடு ஏற்கப்படும் என்பதால், தீபாவளி ராக்கெட்டின் ஏவுதளமும் ஈண்டு அவ்வாறே பிரிக்கப்படுகிறது.

முதற்பொருளாவது நிலமும் பொழுதும். 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் கிளம்பிய தும்பா, புவிக்காந்த நடுக்கோட்டை ஒட்டியிருந்ததால் தேர்வாயிற்று. ஸ்ரீஹரிகோட்டாவுக்குக் கிழக்கே கடல். கிழக்கு நோக்கி ஏவினால் பூமியின் சுழற்சி வேகம் இனாமாகச் சேரும். கழன்று விழுவதும் நீரில் விழும். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட குலசேகரன்பட்டினத்திலிருந்து தெற்கே ஏவினால் இலங்கையைச் சுற்றி வளைய வேண்டியதில்லை. கோவைக்கு எத்திசையிலும் கடல் இல்லை. ஆதலின், பக்கத்து வீட்டார் பண்டிகைக்கு ஊருக்குப் போயிருப்பதே கடலுக்கு ஈடாகக் கொள்ளப்படும்.

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்கிலிருந்து அடிக்கும் காற்று, ஐப்பசியில் பெரும்பாலும் கிழக்குப் பக்கம் மாறிவிடும். குச்சி கட்டிய ராக்கெட் எரியும்போது காற்றை எதிர்த்துத் தலையைத் திருப்பும். அணைந்த பின் காற்றோடு போகும். எனவே நெருப்பு கிழக்கு வீட்டாருக்கும் குச்சி மேற்கு வீட்டாருக்கும் உரியன.

வாசல்: கோலம் இருப்பதால் விலக்கு. தென்னந்தோப்பு: மட்டை தடுக்கும். களம்: தலை சிறந்தது, சோளத்தட்டுப் போர் பக்கத்தில் இருந்தால் தலையாய கேடு. பொழுது: காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என அரசே வரையறுத்துவிட்டதால் ஆய்வாளருக்கு வேலையில்லை.

கருப்பொருளாவது பாட்டில். வேகம் பிடிக்கும் வரை ராக்கெட்டுக்குத் தன் வழி தெரியாது. அதுவரை நேராக வழிகாட்ட, மாதிரி ராக்கெட் விடுவோர் மூன்றடிக் கம்பி நடுவர். இங்கு அப்பணியைப் பாட்டிலின் கழுத்து செய்கிறது. கோலி சோடா பாட்டில் ஆகாது: கழுத்திடுக்கில் கோலி உட்கார்ந்துகொண்டு குச்சியை உள்ளே விடாது. பிளாஸ்டிக் பாட்டில் காலியாக இருந்தால் ராக்கெட்டோடு சாய்ந்து அதைத் தெருவாக்கில் அனுப்பும். எனவே அடிப்பாரம் வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. எதனால் என்பதில்தான் கட்சிகள் பிரிகின்றன.

மணல் கட்சியார் மணலே என்பர். தண்ணீர்க் கட்சியார், மணலை இறுக்கினால் குச்சி சிக்கி ராக்கெட் நின்ற இடத்திலேயே வெடிக்கும் என்று மறுப்பர். மணல் உரையின் மூன்றாம் பதிப்பு முன்னுரை, இம்மறுப்பை மறுத்தது. அம்முன்னுரையின் ஐந்தாம் அடிக்குறிப்பை மறுக்கவே தண்ணீர்க் கட்சியார் இரு நாள் கருத்தரங்கு கூட்டி, மதிய உணவுக்குப் பின் கலைந்தனர். 1799 வரை கோவையை ஆண்ட மைசூர் அரசின் படை இரும்புக் குழாய் ராக்கெட்டுகளை மூங்கிலில் கட்டி விட்டது. அப்படை பாட்டிலில் மணல் போட்டதா, தண்ணீர் ஊற்றியதா என்பதே இன்று இரு தரப்புக்கும் தலையாய சிக்கல். பாட்டிலே இருந்ததா என்று கேட்ட மாணவருக்கு நெறியாளர் மாற்றப்பட்டார். இவர்களில் எவரும் திரியைப் பற்றவைத்ததற்குச் சான்று கிடைக்கவில்லை.

உரிப்பொருளாவது சண்டை. "ஏனுங்க, இந்தக் குச்சி உங்களுதுங்களா?" என்று மரியாதையாகவே தொடங்கும். ஆமென்றால் துவைத்துக் காயப்போட்ட வேட்டியின் ஓட்டை காட்டப்படும்; இல்லையென்றால் தெருவே சாட்சிக்கு வரும். இனிப்புத் தட்டு கைமாறினால் தீரும்.

பயன்பாடு முடிந்தபின் ஏவுதளத்தைக் கழுவிப் பழைய பேப்பர்க் கடையில் போடலாம். ஸ்ரீஹரிகோட்டாவுக்கு இவ்வசதி இல்லை.